பதினேழில் ஒன்று

— போனை ஏன் எடுக்கல ஓஷில்ட்? கவுன்சில் ஆபீஸ்லேருந்து காலையில ஆறு தடவ கூப்பிட்டாங்களாம்.

— வகுப்பு நேரத்துல போன் அலமாரியில இருக்கும். பசங்களுக்கு ஒரு சட்டம், அறிவியல் டீச்சருக்கு ஒரு சட்டமா? பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வா தோர்லெய்வ். தரை பூரா சேறாவுது.

— தேர்தல்ல தோத்துட்டு வந்திருக்கேன்மா. தோத்தவன் பூட்ஸோட வந்தா என்ன?

— என் ஆய்வுக்கூடத்துக்குள்ள யாரும் பூட்ஸோட வர முடியாது. கையில என்ன டப்பா?

— கேக். ஜெயிச்சா வெட்டணும்னு சனிக்கிழமையே சொல்லி வச்சது. வீணாக்க மனசு வரல. கத்தி இருக்கா?

— மீன் அறுக்கற கத்திதான். நேத்து எட்டாம் வகுப்பு காட் மீன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துச்சு.

— கழுவினியா?

— ரெண்டு தடவ. கேக்கு கிடக்கட்டும். எவ்வளவுல தோத்த?

— கவுன்சில்ல பதினேழு இடம். இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்த மூடணும்ங்கற எங்காளுங்க எட்டு. மூடக் கூடாதுங்கறவங்க ஒன்பது.

— திரும்ப எண்ணினாங்களா?

— பார்றா! ரெண்டு தடவ எண்ணியாச்சு. உன் முப்பத்தொரு பிள்ளைங்களும் இங்கயே படிக்கலாம். நாப்பது நிமிஷம் படகுல குலுங்கிக் கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேணாம்.

— யாரு அந்த ஒன்பதாவது? எங்க கட்சிப் பட்டியல்ல அடுத்து இருக்கற மாக்னேவா?

— மாக்னே வரல. நீதான்.

— கிண்டல் பண்ணாத. எங்க பட்டியல்ல நான் கடைசிப் பேரு. அஞ்சு தேர்தலா மரியாதைக்கு வச்சிருக்காங்க. அங்கேருந்து யாரும் ஜெயிச்சதில்ல.

— ஜனங்க மேலேருந்து படிச்சுட்டுக் கீழ வந்து உன் பேருக்கு நேரா டிக் போட்டிருக்காங்க. நூத்தி நாப்பத்தொரு பேரு. அது போகட்டும், எங்க கட்சியோட வாக்குச் சீட்டுல காலி இடம் இருக்குல்ல, அதுல அறுபத்திமூணு பேரு உன் பேரக் கையால எழுதி வச்சிருக்கானுங்க.

— உங்க சீட்டுலயா?

— எங்க சீட்டுலதான்! கழுதைங்க! சால்மன் பண்ணைய விட்டுட்டு மூணு மாசமா வீடு வீடா ஏறி எறங்கினேன். காப்பியக் குடுத்து, வேஃபிளக் குடுத்து, தலைய ஆட்டிட்டு, உள்ள போய் உன் பேர எழுதியிருக்கானுங்க.

— பாவம், தெரிஞ்சிருக்காது. கவுன்சில்ல பதினேழு இடம்ங்கறதால ஒரு சீட்டுக்குப் பதினேழு வாக்கு. வேற கட்சி ஆள் பேர எழுதினா அதுல ஒன்னு அந்தக் கட்சிக்குப் போயிடும். சும்மா அன்புக்கு எழுதறதா நினைச்சுக்கறாங்க. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பலகையில போட்டுக் காட்டறேன். வெளிய போனதும் மறந்துடறாங்க.

— நல்லா மறந்தாங்க.

— கடைசி இடம் எத்தன வித்தியாசத்துல கிடைச்சுது?

— ஒன்னு.

— ஒரு சீட்டா?

— முழுச் சீட்டுகூட இல்ல. ஒரே ஒரு வாக்கு. பதினேழுல ஒன்னு.

— எனக்கு வேணாம் தோர்லெய்வ். மாக்னே போகட்டும். எனக்கு மேடையில பேச வராது.

— பட்டியல்ல பேரு குடுத்து ஜெயிச்சா வேணாம்னு சொல்ல முடியாது. சட்டம். பூட்ஸ் சட்டம் மாதிரிதான். அப்புறம், உனக்கா பேச வராது? மார்ச் மாசக் கூட்டத்துல நான் என்ன சொன்னேன்?

— குளிர்காலத்துல படகு பதினோரு நாள்தான் ஓடாம நிக்குதுன்னு சொன்ன.

— பின்வரிசையிலேருந்து ஒரே வார்த்த வந்துச்சு. ‘அளந்தியா?’

— தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.

— கேட்டுட்டு இருபத்திரண்டு நோட்டக் கொண்டாந்து மேசையில அடுக்கின.

— வருஷத்துக்கு ஒன்னா பசங்க எழுதினது. தினம் எட்டு மணிக்குக் காத்து நொடிக்கு எத்தன மீட்டர், படகு வந்துச்சா வரலையா. சராசரி முப்பத்தொரு நாள் நின்னிருக்கு. உன் பதினொன்னுல, காலையில வந்து சாயங்காலம் வராத நாளச் சேர்க்கவே இல்ல. பிள்ளைங்க கரையில மாட்டிக்கிட்டா எங்க தூங்கும்?

— ஒரு நோட்டு எடுத்துப் புரட்டினேன். பதினெட்டு வருஷத்துக்கு முந்தினது. என் பொண்ணு யோருன் கையெழுத்து. ‘காற்று இருபத்துநான்கு. படகு இல்லை. அப்பா கரையில் மாட்டிக்கொண்டார்.’

— ஞாபகம் இருக்கு. அன்னிக்கு அவ எங்க வீட்டுலதான் படுத்தா.

— எனக்கும் ஞாபகம் இருக்கு.

— அதப் படிச்சுட்டும் நீ மூடணும்னுதான் ஓட்டுக் கேட்ட.

— நான் பட்டியல்ல மொதப் பேரு. கட்சி முடிவு. நான் என்ன பண்ண?

— ஒன்னாம் வகுப்புலேருந்து உன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவ சொல்றேன். நீ கோழை.

— அத அளந்தியா?

— ஹஹ்ஹா! போடா.

— சிரிச்சுட்டியே! அப்பாடா. வெளிய கேக்குதா சத்தம்? நான் வர்றப்போ வாசல்ல ரெண்டு பொண்ணுங்க கேட்டாங்க, சொல்லிட்டேன். இப்போ கொடிக்கம்பத்துக்கிட்ட முப்பத்தொரு பிள்ளைங்களும் நிக்குது. ஏத்தலாமான்னு கேக்குதுங்க.

— இன்னிக்குக் கொடி நாள் இல்லையே.

— டீச்சரம்மா! இன்னிக்குமா சட்டம்?

— சரி, ஏத்தச் சொல்லு. காத்து எவ்வளவுன்னு எழுதிட்டு ஏத்தச் சொல்லு.

— ஏத்திட்டாங்க. உன்ன யாரு கேட்டா? வா, கேக்க வெட்டு.

— அந்த அறுபத்திமூணு பேர்ல ஒருத்தர் எழுதாம விட்டிருந்தாலும் இது நடந்திருக்காது. பாவம், தன் கட்சியக் கவுத்துட்டோம்னு இந்நேரம் தலையில அடிச்சுக்கிட்டு... தோர்லெய்வ்.

— ம்?

— கேக்குல என் பேரு இருக்கு.

— ஆமா.

— சனிக்கிழமையே சொல்லி வச்சதுன்ன. நேத்துதானே தேர்தல்?

— நான் முன்கூட்டியே, வெள்ளிக்கிழமையே ஓட்டுப் போட்டுட்டேன். ஒரு ராத்திரி யோசிச்சுட்டு மறுநாள் காலையில பேக்கரிக்குப் போனேன். கவுன்சில் சார்பா பதினாறு வருஷமா தேர்தல் குழுவுல இருக்கேன் ஓஷில்ட். உன் பேர எழுதினா அந்த ஒரு வாக்கு எங்க போகும்னு எனக்கா தெரியாது?