ஏகாம்பரம் என்று கூப்பிட்ட குரல்

பகல் பன்னிரண்டு மணி. மேல்விஷாரத்துக்கு வெளியே, மூடிக் கிடக்கும் தோல் கம்பெனி ஓரமாகப் போகும் மண் ரோடு. காக்கா சத்தம்கூட இல்லை... இன்னும் கிட்ட வாருங்கள், இதைச் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டேன்.

அந்த ரோட்டில் தனியாக வந்தது நம் தெரு அன்பரசனுடைய பெரியப்பா தனகோடி. தோல் வேலையை விட்ட பிறகு, நர்சிங் காலேஜில் நோயாளியாக நடிக்கப் போனார். நர்சுக்குப் படிக்கிற பிள்ளைகள் அவரைக் கேள்வி கேட்டுப் பழகுவார்கள்; அவர்களை அவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். நடிக்கக் கொடுத்த காகிதத்தில் அவர் பேர் ஏகாம்பரம். வியாதி, மாரடைப்பு. அப்படி ஓர் ஆளே கிடையாது. பாடம் எடுக்கும் மெர்சி டீச்சர் கற்பனையாக எழுதிய ஆள்.

வகுப்பு முடிந்ததும் ஏகாம்பரம் பேர் போட்ட கைப்பட்டையை டீச்சர் வெட்டுவார். "ஐயா, நீங்க யாரு?" என்பார். "நான் தனகோடிம்மா" என்று சொன்னால்தான் வெளியே விடுவார். அன்றைக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். சொல்லாமலே ஓடி வந்துவிட்டார். பட்டை கையிலேயே இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, பாதி ரோட்டில், முதுகுக்குப் பின்னால்... மெதுவாக...

"ஏகாம்பரம்..."

எட்டு மாதப் பழக்கம். "இன்னா சிஸ்டர்?" என்று திரும்பிவிட்டார்.

யாரும் இல்லை. கம்பெனியில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி நாற்றம் மட்டும் குப்பென்று அடித்தது. அந்தக் குழி காய்ந்து பத்து வருஷம்.

நெஞ்சில் சுருக்கென்றது. பிறகு இடது கை. பிறகு தாடை. பிறகு வேர்வை. காகிதத்தில் இருந்த அதே வரிசை. கடைசி வரி அவருக்கு மனப்பாடம்... பேச்சு மூச்சு இல்லை. தன் பேரைச் சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று வாயைத் திறந்தார்.

பேர் வரவில்லை.

சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து விழுந்தார்.

"மேகலா... எம் பேரச் சொல்லு..."

"இன்னாய்யா இது? காலேஜில நடிச்சது பத்தாதா?" அவர் பெண்சாதி சிரித்தாள். "புருஷன் பேர எவளாச்சும் வாயால சொல்லுவாளா?" நாற்பது வருஷத்தில் ஒரு தரம் சொன்னதில்லை.

"சொல்லுடி... நான் போயிடுவேன்டி..."

உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அப்பவும் வெட்கம். தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தலையை மடியில் வைத்து, காதோரம் சொன்னாள்.

"தனகோடி..."

மடியில் கிடந்தவர் அசையவில்லை.

வெளியே கதவு தட்டும் சத்தம். மூச்சு வாங்க, தனகோடியின் குரல்.

"வந்துட்டேன் மேகலா... கதவத் தொற."

மடியில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தொறக்காதீங்க சிஸ்டர்."