பச்சைக்குத் திரும்பிய புல்

இன்றைக்குப் பச்சை அதிகம் இருக்கக் கூடாது. காலையில் பாத்திக்குப் போகும்போதெல்லாம் மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்வேன், மேடம். தலை சீவும்போது நரை தெரியக் கூடாதே என்று நினைப்பதுபோல ஒன்று.

புத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு நர்சரி. திருப்பதி ஓட்டல் வாசல்களுக்கு அழகுச் செடிகள் வளர்த்துக் கொடுக்கிறோம். அதில் சிவப்புப் புல் மட்டும் நானாகத் தேர்ந்தெடுத்தது. வெயில் பட்டால் நுனியெல்லாம் ரத்த நிறமாகத் தெரியும். உண்மையில் அது நம் தர்ப்பையில் ஒரு வகை. அதனால் சில தூர்கள் தாமாகவே பழைய பச்சைக்குத் திரும்பிவிடும். பச்சைக்கு வேகம் அதிகம். விட்டால் சிவப்பை மூடிவிடும் என்பதால் வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். பிடுங்கிப் போட்டதற்கும் ஏரிக்கரைத் தர்ப்பைக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

என் கணவர் லோகேஸ்வரனின் அக்கா தனபாக்கியம் எங்களோடு இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஏரிக்கரையில் தர்ப்பை வேர் பறித்துவந்து, தட்டிக் கொதிக்கவைத்துக் குடிப்பார். எனக்கும் ஒருமுறை வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றி நீங்கள் தவறாக நினைக்கக்கூடும்.

வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஓட்டல் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் சலீம் ஒருநாள் புல்லைப் பார்க்க வந்தார். புது ஓட்டலின் வாசல் முழுக்க இதையே வைக்கலாம் என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இத்த நம்பி வாங்கினு போறீங்க? கொஞ்ச நாளுதான் சேப்பு. அப்பால நம்ம தர்ப்பையா பூடும். ஓட்டலுக்கு வர்றவங்களுக்குக் கஷாயம் வெச்சுக் குடுங்க."

சலீம் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி அதைச் சொன்னார். என் முகம் போன போக்கையும் நடித்துக் காட்டினார்.

கோடையில் சிவப்புப் பாத்தியில் வேர்ப்புழு விழுந்தது. குருணை மருந்து போட்டேன். வேர் வழியாக ஏறிப் புல் முழுக்க நிற்கும் விஷம் அது. கணவர் தடாவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பச்சையானது போதாதென்று புழுவும் விழுந்ததா என்று அண்ணி கேட்பார். அதை இன்னொரு கதையாகச் சொல்லுவார்.

மூட்டுவலியால் அப்போது அவரால் ஏரிக்கரைவரை நடக்க முடியவில்லை. ஒரு காலையில், நான் பிடுங்கி எறிந்த குவியலில் அவர் வேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"உன் சேப்புப் புல்லு எனக்காவது உதவுதேடி" என்றார்.

மருந்து போட்டது, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னிக்கும் இம்மாம் பச்சையா?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருந்துவிட்டேன். கழுவித்தானே எடுக்கிறார், கொதிக்கத்தானே வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரால் குனிய முடிவதில்லை. அதனால் மறுநாள் முதல், பிடுங்கிய தூர்களை மண் உதறி, துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். பருத்த வேர்களாகப் பார்த்து வைத்தேன். "நல்லாருடி" என்றார். பிறகு அவருக்குத் தலை சுற்றியது. குமட்டியது. சூடு ஏறிவிட்டது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடித்தார். நான் வேரையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஒரு ராத்திரி அவர் சுருண்டு விழுந்தார். திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் தெலுங்கில் கேட்டார். கண்மணி சுருங்கியிருக்கிறது, வாயில் எச்சில் நிற்கவில்லை, பூச்சிமருந்து ஏதாவது உள்ளே போயிருக்குமா என்று. அண்ணி பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். தர்ப்பை வேர்த் தண்ணீர் மட்டும்தான் குடித்தார் என்றேன். நான் போட்ட குருணைக்கு விஷமுறிவு மருந்து உண்டு என்பதும் எனக்குத் தெரியும். பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. டாக்டர் மறுபடி கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். விடிவதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் விஷம் தெரிந்ததும் எங்களை இங்கே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். உள்ளே வருமுன் கணவர் என்னைத் தனியே அழைத்தார். அழுது அழுது அவருக்குக் குரல் போயிருந்தது.

"தெரியாம நடந்துச்சுன்னு சொல்லிடு தாட்சாயணி. நம்ம புல்லும் ஏரிக்கரைத் தர்ப்பையும் ஒண்ணாத்தானே கீது? அக்காவே தர்ப்பைன்னு நெனச்சுதானே குடிச்சினு இருந்தா. உனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

அவர் இன்னும் அதையே நம்புகிறார். நீங்களும் இப்போது கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறீர்கள், அன்பாகவே கேட்கிறீர்கள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். டாக்டர் முன்னால் அசைத்த தலைதான்.

இவ்வளவு நேரமும் வெட்கத்தால் வாயைத் திறக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். வெட்கத்தால் பேசாமல் இருக்கலாம், மேடம். வேரில் மண்ணை உதறி, கை எட்டும் இடத்தில் எடுத்து வைக்க வெட்கம் போதாது.

கணவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்க. எனக்குத் தெரியும்."