பல்லு விழுந்த இடம்

— அதெல்லாம் கூலிக்கு மாரடிச்சது மாப்ள. ‘இங்க கார் போகுது, இங்க கதவு திறக்குது, அதுக்கு ஏத்த மாதிரி ஏதாச்சும் மியூசிக் போடு’ன்னு டைரக்டர் சொல்லியிருப்பான். இவங்களும் போட்டுக் குடுத்துட்டாங்க. சினிமாவுக்குப் போட்டதை ஆல்பம் கணக்குல சேர்க்காத.

— மச்சான், முதல்ல ஹெட்ஃபோனை ஒழுங்கா மாட்டுங்க. சிவப்பு வலது காதுக்கு. வருஷா வருஷம் கம்பெனி காது டெஸ்டுக்கு வர்றீங்க, வருஷா வருஷம் மாத்தி மாட்டுறீங்க.

— மாட்டியாச்சு. சொல்றேன் கேளு. அந்த பேண்டுல ஜெர்மன்காரங்க மூணு பேரும் சேர்ந்து உருப்படியா செஞ்சது சாம்பல் கவர் ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி வந்த நீலக் கவர் வெறும் ஒத்திகை. அப்புறம் வந்ததெல்லாம் வயித்துப்பாடு.

— இத்தனை வருஷமா ரசிகன்னு சொல்லிட்டுத் திரியிறீங்க, ஒரு ஆல்பத்துக்காவது பேர் தெரியுமா? சாம்பல் கவர், நீலக் கவர், கிழிஞ்ச கவர்னு.

— உனக்கு மட்டும் ஜெர்மன் தண்ணி பட்ட பாடாக்கும்! பேரு வாயில நுழையலன்னு நீதானே முதல்ல கவர் கலரைச் சொல்ல ஆரம்பிச்ச.

— சரி, இந்தக் கண்ணாடி ரூம் கதவைச் சாத்துறேன். என் குரல் மேல இருக்கிற ஸ்பீக்கர்ல வருதா?

— கொஞ்சம் கூட்டி வை. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசாத. கண்ணாடி பக்கம் மூஞ்சியக் காட்டிப் பேசு. பெரிய டாக்டராட்டம் முதுகைக் காட்டாத.

— இப்போ?

— இப்போ சரி.

— அந்த லைட்ஹவுஸ் படத்துக்குப் போட்டதுல கடைசியா ஒண்ணு வருமே மச்சான், டிரம்ஸ் இல்லாம, ஒரே ஒரு மெலிசான சத்தம் மட்டும் தூரமாப் போய்க்கிட்டே இருக்கும். அதையும் கூலி வேலைம்பீங்களா? எனக்கு இன்னைக்கும் நெஞ்சைப் பிசையுது.

— உனக்குத் தண்ணிக் குழாய் ஒழுகினாலும் நெஞ்சைப் பிசையும். ஆரம்பி, ஷிஃப்டுக்குப் போகணும். நான் போய் ஏறினாத்தான் இரும்பு உருக்குற எங்க பவுண்டரில கிரேன் நகரும்.

— சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துங்க. எவ்வளவு மெலிசா இருந்தாலும் அழுத்துங்க. முதல்ல இடது காது. பேசக் கூடாது.

— நான் எங்க பேசுறேன்?

— இதோ, இப்போ.

— ...

— முடிஞ்சுது. நடுவுல ரெண்டு மூணு விட்டுட்டீங்க, பரவாயில்ல. காலேஜ் பையன் காது மாதிரி இருக்கு.

— பின்ன? இந்த மெஷின்ல வர்ற ‘ங்ங்’கை மட்டும் வச்சே அவங்க ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க ஓட்டியிருப்பாங்க மாப்ள. நீயும் நானும் லைட்டை அணைச்சிட்டு வாயைப் பொளந்துட்டுக் கேட்டிருப்போம். தங்கச்சி வந்து ‘ஃப்ரிட்ஜ் ரிப்பேரா’ன்னு கேட்டிருக்கும்.

— அவ இப்பவும் அதைத்தான் கேக்குறா. இருங்க, வலது காது. ரெடியா?

— ஓட்டு.

— ...

— ...

— மச்சான், காலை எதுக்கு ஆட்டுறீங்க?

— பழக்க தோஷம். ஏன், காலுக்கும் டெஸ்ட் வச்சிருக்கியா?

— இல்ல, சும்மா கேட்டேன். அழுத்துங்க.

— அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்.

— இப்போ வந்தது எப்படி இருந்துச்சு? கனமாவா, மெலிசாவா?

— மெலிசு. ரொம்ப மெலிசு. ஆனா கேட்டுச்சு.

— மச்சான்.

— ம்?

— கண்ணாடி வழியா என் கையைப் பாருங்க. உங்க ஹெட்ஃபோன் வயர். வலது காது ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே பிடுங்கிட்டேன். உங்க கால் தாளம் போடுறதைப் பாத்துட்டுத்தான் பிடுங்கினேன். நீங்க நிறுத்துவீங்கன்னு நினைச்சேன். நிறுத்தவே இல்ல.

— லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கும். உள்ளுக்குள்ள ஏதோ கேட்டுச்சு.

— சாம்பல் கவர், ரெண்டாம் பக்கம். அதானே? அந்தத் தாளத்தைத்தான் மச்சான் கால் போட்டுச்சு. எட்டு சத்தம் திரும்பத் திரும்ப வரும். நடுவுல ஒண்ணு விழுந்துடும். நாம அதுக்குப் பல்லு விழுந்த இடம்னு பேர் வச்சோம். தொடையில தட்டிக்கிட்டே கேப்போம், பல்லு விழுந்த இடத்துல தட்டினவன் அவுட்டு. ஒரு தடவை கூட நீங்க அவுட் ஆனதில்ல.

— உன் மெஷினும் அதே கணக்குலதான் மாப்ள சத்தம் போடுது. கவர்மென்ட் மெஷின்தானே, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத் தெரியாது. ஒரே சீரா வரும். முதல்ல வர்ற கனமான ரெண்டு சத்தத்தைப் பிடிச்சிட்டாப் போதும், அப்புறம் தாளம் தானா ஓடும். நடுவுல நானா ரெண்டு மூணு விட்டுடுவேன். எல்லாத்துக்கும் அழுத்தினா நீ சந்தேகப்படுவேல்ல?

— சிரிக்காதீங்க மச்சான்.

— நான் சிரிக்கல. வாய் அப்படி இருக்கு.

— போன வருஷமும் இப்படித்தானா?

— ஆமா.

— அதுக்கு முந்தின வருஷம்?

— அப்போ பாதிக்குப் பாதி கேட்டுச்சு.

— ஐயோ. போன வருஷம் டெஸ்ட் ஓடுறப்போ நான் திரையைக் கூட சரியாப் பாக்கல. நீலக் கவர் ஒத்திகைன்னு நீங்க சொன்னீங்க, நான் மல்லுக்கு நின்னேன். வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படியே கையெழுத்துப் போட்டு ‘நல்ல காது’ன்னு முதுகுல தட்டி அனுப்பினேன்.

— நான்தான் வேணும்னே பேச்சுக் குடுத்தேன். நீலக் கவரைப் பத்திச் சொன்னா உனக்குச் சுருக்குன்னு ஏறும்னு எனக்குத் தெரியாதா? உன் மேல தப்பு இல்ல.

— பவுண்டரில எப்படிச் சமாளிக்கிறீங்க?

— கண்ணு இருக்கே. உன் பேச்சையே பாதி உதட்டைப் பாத்துத்தானே பிடிக்கிறேன். கீழ கொக்கி மாட்டுற நெட்டையன் கையைக் காட்டுவான். தூக்கு, இறக்கு, நிறுத்து. அவன் கையை மட்டும் பாத்துக்கிட்டே இருப்பேன். பொண்டாட்டியைக் கூட நான் அப்படிப் பாத்ததில்ல.

— புகை வந்தா? இரும்புக் குழம்பை ஊத்துறப்போ புகை வரும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? அப்போ கையா தெரியும்?

— புகை வந்தா விசில் ஊதுவான்.

— விசில் கேக்குதா?

— போன வாரம் ஊதியிருக்கான். எனக்குத் தெரியல. நான் பாட்டுக்கு இறக்கிட்டேன். அவன் பின்னால விழுந்து தப்பிச்சான். எழுந்து வந்து மேல பாத்துக் கும்பிட்டான் மாப்ள. என்னைத் திட்டல. கும்பிட்டான். ரெண்டு பொட்டப் புள்ளைங்களைப் பெத்தவன் அவன்.

— ஐயோ சாமி.

— விசில் ஊத லேட்டாயிடுச்சுன்னு அவனே ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டான். தப்பு அவனோடதாம். நான் வாயைத் திறக்கல. கேபின்லயே உக்காந்திருந்தேன். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து தட்டுற வரைக்கும் இறங்கல.

— காதுக்கு மெஷின் மாட்டிக்கலாமே. இங்கயே நல்லதா இருக்கு, நானே பாத்து வச்சு விடுறேன்.

— அதை மாட்டிக்கிட்டு கிரேன் ஏற விட மாட்டாங்க. எழுதியே போட்டிருக்கு. கீழ இறக்கி விட்டு மணல் சலிக்கச் சொல்லுவாங்க, இல்ல வீட்டுக்குப் போன்னுடுவாங்க. எனக்கு வேற என்ன மாப்ள தெரியும்? அந்தக் கேபின்லதான் என் பாதி ஆயுசு போயிருக்கு. வீட்டுல ஃபேன் மாட்டக் கூட ஆள் கூப்பிடுறவன் நான்.

— அதுக்காக நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

— நான் கேக்கல. நீ போட மாட்டேன்னு தெரியும். ஆனா வேற ஆஸ்பத்திரிக்குப் போகவும் மனசு வரல. எங்க போறதுன்னு தெரியாம பழைய எடத்துக்கே வந்துட்டேன்.

— இவ்வளவு நாள் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை ஆனா ஒரே சோபாவுலதானே உக்காந்து கேக்குறோம்?

— சொன்னா நீ சோபாவுல எனக்கு எதுக்கு எடம் குடுக்கப் போற?

— பேச்சைப் பாரு! அது சரி, எல்லாப் பாட்டுக்கும் என்கூடச் சண்டை போடுறீங்களே, அதெல்லாம் எப்படி?

— பழசெல்லாம் மண்டைக்குள்ள இருக்கு மாப்ள. நீ பிளேயரைத் தட்டி விட்டாப் போதும், உள்ள ஓட ஆரம்பிச்சிடும். அடியில வர்ற ‘தும் தும்’ நெஞ்சுல வந்து இடிக்கும், அதை வச்சு எங்க ஓடுதுன்னு பிடிச்சுக்குவேன். மேல வர்றது எல்லாம் நானாப் போட்டுக்குறதுதான்.

— அப்போ புதுசு? மூணு பேர்ல ரெண்டு பேர் போனப்புறம் மிச்சம் இருக்கிறவர் தனியாப் போட்டாரே, அந்த ஆஸ்பத்திரிப் படத்துக்கு. போன மாசம்தானே வந்துச்சு. அது உங்க மண்டைக்குள்ள இருக்க வாய்ப்பே இல்லியே. ‘சினிமாவுக்குப் போட்டதா இருந்தாலும் இது ஒண்ணு மட்டும் உசத்தி மாப்ள’ன்னு நீங்களே சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு வழியா மனுஷனை ஜெயிச்சிட்டேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

— நீ கண்ணைத் தொடச்சுக்கிட்ட. நான் வேற என்ன சொல்ல? ஏய், இப்போ எதுக்குத் தொடைக்கிற? வெளிய ஆளுங்க இருக்காங்க.

— இருங்க மச்சான். ஒண்ணு பண்ணலாம். மெஷினைத் தானா ஓட விடாம நானே கையால போடுறேன், தாளம் இல்லாம முன்ன பின்ன. எல்லாச் சத்தமும் வேண்டாம். விசில் எந்தச் சத்தத்துல இருக்குமோ அது மட்டும். கனமா ஆரம்பிச்சுக் குறைச்சுக்கிட்டே வர்றேன். அதுல பாதி கேட்டாப் போதும். ‘கிரேன்ல இருக்கலாம், ஆறு மாசத்துல திரும்பப் பாக்கணும்’னு நான் மனசாட்சிக்கு விரோதம் இல்லாம எழுதலாம்.

— பாதி போதுமா?

— போதும். கேட்டாத்தான் அழுத்தணும். நெட்டையன் மேல சத்தியமா.

— சத்தியமா. சாம்பல் கவரை மூட்டை கட்டி வெச்சிட்டேன். காலையும் மடக்கிக்கிட்டேன், பாரு.

— வயரைச் சொருகிட்டேன், பாத்துக்கங்க. நான் சுவர் பக்கம் திரும்பி உக்காந்துக்குறேன், என் மூஞ்சியைப் பாத்தும் அழுத்தக் கூடாது. ஆரம்பிக்கப் போறேன்.

— நானும் கண்ணை மூடிக்குறேன். பொறுமையாப் போடு, அவசரமில்ல. பாதிதானே, வந்துரும். விசில் ஊதுறப்போ சில நாள் ஏதோ ஒண்ணு காதோரமா உரசுற மாதிரி இருக்கும், அது விசிலாத்தான் இருக்கணும்.

— ...

— ...

— ...

— மாப்ள, அங்க என்ன பண்ற? நான் ரெடியாத்தான் இருக்கேன், எப்போ ஆரம்பிக்கிற?

— முடிஞ்சிருச்சு மச்சான்.