மதாமின் வெள்ளிக்கிழமை முழுக்கு

பாம்பைக் குளிப்பாட்டுவது பிள்ளையைக் குளிப்பாட்டுவதைவிடச் சுலபம், தங்கச்சி. அழாது, ஓடாது, கண்ணில் சவர்க்காரம் பட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டாது. சவர்க்காரமே கூடாது என்பது வேறு விஷயம். ஷாம்பூ, எண்ணெய், வாசனைத் தண்ணீர் எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் அதன் முதுகை மூடாத அளவுக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தன்பாட்டில் நெளிந்து திரியும். பிறகு துவாயில் சுற்றி ஒற்றி எடுக்க வேண்டியதுதான். இதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் பொலிஸ்காரருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவருக்கும் ஒருநாள் உதவும்.

எனக்குப் பிரெஞ்சு தெரியும். தெரிந்தும் ஏன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன் என அவருக்கு எரிச்சல். பிரெஞ்சில் நான் முதலாளியிடம் காய்ச்சல் என்று லீவு கேட்டிருக்கிறேன், வீட்டுக்காரனிடம் வாடகை வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்த மொழியில் உண்மை பேச என் நாக்குப் பழகவில்லை.

பெயர் வைத்தியநாதன். பாரிஸில் லா சப்பலில், ரூ பஜோல் தெருவுக்குப் பின்தெருவில், நாலாம் மாடியில் வீடு. உணவகத்தில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றவன். கழுவுகிற வேலையில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

கூட வேலை செய்த நிக்கோலா தெற்குப் பக்கம் போகும்போது, இரண்டு கிழமைக்குப் பார்த்துக்கொள் என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தந்தான். ஆள் திரும்பி வரவே இல்லை. பெட்டிக்குள் இருந்தது மலைப்பாம்பில் ஒரு குட்டைச் சாதி. சுருண்டு கிடந்தால் இடியப்பத் தட்டு அளவுதான் இருக்கும். விஷம் கிடையாது. பெண் பாம்பு என்று அவன் சொன்னதால் மதாம் என்று கூப்பிடத் தொடங்கினேன்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் நாகதம்பிரான் நாலாம் மாடியில் குடியேறிவிட்டார் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்கு வந்த பெண்கள் பால் பெட்டியோடு எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். பாம்பு பால் குடிக்காது. நான் குடிப்பேன். அந்த வருஷம் முழுக்கத் தேநீருக்குப் பால் வாங்கியதில்லை. பிள்ளையாரும் இடுப்பில் பாம்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் அதைக் குளிப்பாட்டினார் என்று எந்தப் புராணத்திலும் நான் கேள்விப்படவில்லை. அந்த வகையில் நான் அவரைவிட ஒரு படி மேல்.

என் மனைவி சுலோசனாவுக்கு இந்தப் பெருமை பிடிபடவில்லை. உறைபெட்டியில் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் மதாமின் எலிகளை வைத்தது முதல் குற்றம். தொட்டி இரண்டாவது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியல் தொட்டிதான். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கு என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மதாமை வெள்ளிக்கிழமைதான் குளிப்பாட்டினேன். "அதுவும் பொம்பிளைதானே" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையில் பாம்புக்குக் கிழமைக்குக் கிழமை குளியல் தேவையே இல்லை. அழுக்குப் பட்டால், சட்டை சரியாகக் கழலாவிட்டால் போதும். எனக்குத்தான் அது தேவைப்பட்டது. தண்ணீருக்குள் அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும்போது மனம் அமைதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் தொட்டியை ஜாவல் என்கிற கிருமிகொல்லி ஊற்றித் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டுத்தான் சுலோசனாவை உள்ளே விடுவேன். அதில் குறை சொல்ல முடியாது.

மகள் றொஷானி புறநகரில், திரான்சியில் இருக்கிறாள். இப்போது நிறைமாதம். பிள்ளை பிறந்ததும் எங்களிடம் வந்து நிற்பதாக ஏற்பாடு. அதைச் சாட்டாக வைத்துச் சுலோசனா பாம்புகளை வாங்கிப் பராமரிக்கும் ஓரிடத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

"சனிக்கிழமை வந்து எடுப்பினம். நான் கதைச்சு முடிச்சிட்டன்" என்றாள். "பச்சைப் பிள்ளை வரப்போற வீடு. பிள்ளையும் பாம்பும் ஒரே தொட்டியிலையோ?"

"மதாம் உனக்கு என்ன செய்தது?"

"அது ஒண்டும் செய்யேல்லை. நீங்கள்தான் செய்யிறியள். அதோடை குந்தியிருந்து கதைக்கிற மாதிரி என்னோடை ஒருநாள் கதைச்சிருப்பியளோ?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழை இல்லை, பாம்பின் மேல் கிருமி இருக்கும்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்துவிட்டாள்.

அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. மிச்சத்தை முதல் விசாரணையிலேயே பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். மனைவி எண்ணெய் வைத்து முழுகுகிறவள், தொட்டியில் வழுக்கி விழுந்தாள், குழாயில் பிடரி அடிபட்டது. அதிகாரி உச்சுக்கொட்டினார். செத்தவீட்டுக்கு வந்த சனமும் அதையே சொன்னது. எண்ணெய் எத்தனை பேரை விழுத்தியிருக்கிறது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் வாயைவிட ஊர்வாய் நன்றாக வேலை செய்தது.

நேற்று நீங்கள் வந்தீர்கள். இங்கேயே பிறந்த பிள்ளை, பெயர் ஆர்த்திகா என்றார்கள். தமிழைப் பல்லுக்குள் வைத்துப் பேசினீர்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். நீங்கள் பேனையை வைத்துவிட்டு, "ஐயா, அண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ? அம்மாவின்ரை தகப்பன் உயிரோடையோ?" என்று கேட்டீர்கள்.

மாமனார் செத்து எவ்வளவோ காலம். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம். விரத நாளில் எண்ணெய் வைக்கக்கூடாது, தலையில் வெறும் தண்ணீர்தான். கோயில், விரதம், பஞ்சாங்கம் எல்லாம் அவளுடைய இலாகா. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு ரூ காய் என்கிற கடைத்தெருவிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வந்த பைக்குள் விரதக் கறிக்கான காத்தோட்டிக்காய் இருந்திருக்கிறது. ஆடி அமாவாசையைத் தவிர வேறெந்த நாளிலும் அந்தக் கசப்பை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பையைத் திறந்து பார்த்திருந்தால் விஷயம் எனக்கும் விளங்கியிருக்கும். அவள் தலையில் எண்ணெய் இல்லை, உள்ளங்காலில் மட்டும்தான் இருந்தது என்று வைத்தியரும் எழுதியிருக்கிறாராம்.

ஓம், அந்த எண்ணெய் நான் ஊற்றியது. அவள் கடைக்குப் போயிருந்தபோது மதாமைக் குளிப்பாட்டி முடித்தேன். தொட்டிக்கு ஜாவல் போடவில்லை. அவளுடைய நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து அடியில் மெல்லிசாகத் தடவினேன், தோசைக்கல்லுக்குத் தடவுவதுபோல. என் கையால் தொட்டி அழுக்கானது அந்த ஒரு நாள்தான். இன்னும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சாகட்டும் என்று செய்யவில்லை. இதை அதிகாரிக்குச் சரியாகச் சொல்லுங்கள். கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் கிடப்பாள், சனிக்கிழமை தள்ளிப்போகும், மகளும் புருஷனுடைய தாயிடம் போய்விடுவாள். அவ்வளவுதான் என் கணக்கு. காலோடு நிற்காதது என் பிழையா?

அவள் வந்து, "தோய்ஞ்சுபோட்டு வந்து சமைக்கிறன்" என்று பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் முன்னறையில் மதாமைத் துவாயில் ஒற்றிக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது.

இப்போது நீங்கள், அவ கூப்பிட்டவவோ என்று கேட்கிறீர்கள். அதிகாரி அதைக் கேட்கச் சொல்லவில்லை, நீங்களாகத்தான் கேட்டீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ" என்றாள். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். கதவு பூட்டியிருக்கவில்லை. மதாமின் வயிற்றுப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. ஈரத்தோடு விட்டால் பாம்புக்கு நெஞ்சில் சளி பிடிக்கும், பிறகு பிழைக்காது. நன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் விட்டு, விளக்கைப் போட்டேன். அவள் அப்போதும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். முன்னைப்போலச் சத்தமாக இல்லை. குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தேன். கழுவி முடிந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

நான் இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம், தங்கச்சி. போகத்தான் நினைத்தேன். பாம்பைத் தொட்ட கையோடு தன்னைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது.