ஸ்கைலாப் விழவிருந்த நாளில் முப்பத்தாறு பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்ற மதலேனம்மாள் அவர்களுக்குப் பணி ஓய்வு வாழ்த்துமடல்

கருணையின் கருவூலமே! கண்டிப்பின் கைப்பிரம்பே! இருபத்தெட்டு ஆண்டுகள் எங்கள் தேயிலை எஸ்டேட்டுப் பிள்ளைக் காப்பகத்தில் மூக்கைத் துடைத்து, முதல் பல்லைப் பார்த்து, முரண்டு பிடித்தவர்களை மடியில் போட்டு அடக்கிய மாதரசியே! வணக்கம்!

அம்மையாரின் பெருமை சொன்னால் பொழுது போதாது. ஆகவே, சபையோரே, ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம்.

சென்ற ஜூலையில், அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்வெளிக்கூடம் எவர் தலையிலும் விழலாம் என்று வானொலி ஓயாமல் அலறியது. வளர்த்த கோழிகளையெல்லாம் குழம்பாக்கித் தின்று தீர்த்தோம். ஸ்டோர்க்கீப்பர் கபிரியேல் கட்டிலுக்கடியில் குடிபுகுந்த வீரத்தை இங்கே விரிக்க விரும்பவில்லை. அம்மையாருக்கும் கீழே கம்பம் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் சாந்தம்மாளின் கடிதம் வந்தது: "அம்மா, செத்தா ஒண்ணாச் சாவோம். பேத்திய நீங்க இன்னும் பாக்கவே இல்லையே. கெளம்பி வாங்க."

விழுமென்ற நாளன்று பையோடு காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டவர்தாம். காப்பக வாசலில் முப்பத்தாறு குழந்தைகள்! கொழுந்து காத்திராதென்று தாய்மாரை மலைக்கு அனுப்பியாயிற்று. "ஏதாச்சும் ஆச்சுன்னா இதுகளுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றோம் நாங்கள். "அப்ப நாந்தான்," என்று பையை இறக்கி வைத்தார். பஸ் இறங்கிப்போகும் சத்தம் கேட்டதும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மகளுக்காக அவர் ஏங்கிய ஏக்கத்தை அன்றுதான் கண்டோம்.

பிறகு பழஞ்சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, தாயின் பெயரையும் குடியிருக்கும் லயத்து வீட்டின் எண்ணையும் எழுதி, ஒவ்வொரு பிஞ்சுக் கையிலும் கட்டினார். "நான் இல்லன்னாலும் பிள்ள பெத்தவகிட்டப் போய்ச் சேரணும்ல?"

மறுநாள், அது கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்ததென்று செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே பட்டைகளை அவிழ்த்தோம். கம்பத்திலிருந்து மட்டும் அதன்பின் கடிதமே இல்லை. மற்றவர் பிள்ளைகள்தாம் பெரிதா என்று மகள் கோபித்ததில் நியாயம் இல்லாமலில்லை.

எங்கள் லயத்தில் வளர்ந்த சாந்தம்மாளே! இன்று தாயை அழைத்துப் போக வந்தும், கடைசி பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். யாரிடமும் சொல்வதில்லையென்று உன் தாய் எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், மீறுகிறோம். அன்று நாங்கள் அவிழ்த்த பட்டைகள் முப்பத்தேழு. ஒற்றைக் கையால் முடிச்சு அவிழாமல் கடைசியில் எங்கள் முன் நீண்டது அவருடைய கை. அந்தப் பட்டையில் எழுதியிருந்தது: சாந்தம்மாள், கம்பம்.

சேர வேண்டியவரைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கிறோம். வாங்கிக்கொள் மகளே, நோய் நொடி அண்டாமல் நூறாண்டு வைத்துக்கொள்.

பிரிய மனமில்லாத
எஸ்டேட் பணியாளர்கள்
சூரியநெல்லி, 31-12-1979