இமைமேல் வளர்ந்த செம்மறு

மழலையர் மேனியில் மலரும் செம்மறுக்களின் மனமறிந்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகளாக நம் பல்கேரியாவின் ஸ்தாரா சகோரா நகரத்து அன்னையரின் அச்சம் அகற்றியவரே! இன்று ஓய்வுபெறும் எங்கள் டாக்டர் வியாரா தொன்கோவா அவர்களே, வணக்கம்!

எது வளரும், எது வாடும், எது வாழ்நாளெல்லாம் உடன்வரும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்வீர்கள். ஸ்ட்ராபெர்ரிபோல் புடைத்த மறுவை மாதந்தோறும் அளந்து, படமெடுத்து, "பள்ளிக்கூடம் போற வயசுக்குள்ள வத்திடும், நோண்டாதீங்க" என்று அனுப்பிவைப்பீர்கள். படர்ந்த ஒயின் நிற மறு தானாகப் போகாது, அதற்கு லேசர் வேண்டும் என்பதையும் பூசி மெழுகாமல் சொல்வீர்கள். மருந்தே எழுதாத மருத்துவர் என்று மருந்துக்கடைக்காரர்களுக்கு உங்கள்மேல் மனத்தாங்கல்!

ஒருத்தியிடம் மட்டும் நீங்கள் பொறுமை காட்டவில்லை. அவள், இப்பிரிவின் பதிவு மேசையிலிருந்து வந்து இம்மடலை வாசிக்கும் நெதெல்காவாகிய நான்தான்.

சிமியோன் திருநாளில் கர்ப்பிணி கத்தி தொட்டால் பிள்ளை மறுவோடு பிறக்கும் என்பார்கள் நம்மவர்கள். நான் வெங்காயம் நறுக்கினேன். மகள் ரலிட்சா பிறந்த இரண்டாம் வாரம் வலது இமையில் சிவப்புப் புள்ளி. "அன்னிக்கே சொன்னேன், கேட்டியாடி?" என்றார் மாமியார். வெட்கத்தில் இரண்டு மாதம் பிள்ளையைத் தொப்பிக்குள் மறைத்தேன். தடுப்பூசி போட்ட தாதிதான் என்னை உங்களிடம் விரட்டினார். அதற்குள் புள்ளி செர்ரியளவு வீங்கி, கண்ணை மூடியிருந்தது.

"எல்லாம் என் தப்பு டாக்டர்" என்று அழுதேன்.

"ரத்தக்குழாய் கொஞ்சம் கூடுதலா வளந்திருக்கு, அவ்வளவுதான். கத்திக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? மறைச்சு வெச்சியே, அதுதான் தப்பு. மூடியே கெடந்தா இந்தக் கண்ணு பாக்கவே கத்துக்காது. இன்னிக்கே ஆரம்பிக்கணும்!"

மறுவைச் சுருக்க, இதய நோய்க்குத் தரும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினீர்கள். பால் கொடுக்காமல் மருந்து கொடுக்கக்கூடாதென்று என்னை அதட்டினீர்கள். நாடியை எண்ணியபடி முதல்நாள் முழுதும் தொட்டிலருகே நின்றீர்கள். மூன்றாம் வாரம் இமை பாதி திறந்தது. மாமியார் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ஒரு தட்டு சுட்டு வந்து உங்கள் மேசையில் வைத்தார்.

அஞ்சாமை அருளிய அன்னையே! இனி உங்கள் தோட்டத்துத் தக்காளிகளையாவது மாதந்தோறும் அளக்காமல் விடுங்கள். நோயின்றி, நூறாண்டு, நிறைவோடு வாழுங்கள்!

அதோ, முதல் வரிசையில் ஒன்பது வயது ரலிட்சா. இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மேடையில் மாட்டிய இம்மடலை வலக்கண்ணால் மட்டும் என்னோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்!

நன்றி மறவா,
குழந்தைகள் தோல்நலப் பிரிவினர்