மூணு வாட்டி வரணும்

ராத்திரி ஒன்றேகால் மணி. கச்சிராயபாளையத்திலிருந்து அணைக்குப் போகிற ரோடு. கடைசி டவுன் பஸ் போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் மறைகிற கரும்பு. காற்றே இல்லை... ஆனாலும் அதன் காய்ந்த இலை, சோகை, மட்டும் சரசரவென்று சத்தம் போடும்.

அந்த ரோட்டில் வலது கைப் பக்கம் ஒரு மண் பாதை பிரிகிறது. அதன் கடைசியில், கரும்புக் கொல்லைக்கு நடுவில், ஒரே ஒரு வீடு. ராஜதுரை வீடு. சரியாக அந்த நேரத்துக்கு, அந்த வீட்டுப் பின்கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்கும்.

“யம்மா...”

ஒரே தரம். அப்புறம் விடிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை.

கிட்டே வந்து உட்காருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் வெள்ளிமலையிலிருந்து வருகிற வரைக்கும் நமக்கு வேறு வேலை இல்லை. தங்கமணி, அந்த செல்போன் லைட்டை அணை. நான் கதை விடுகிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். இது நம் இளஞ்செழியனுடைய அக்கா புருஷன் அருளுக்கு நடந்தது. கள்ளக்குறிச்சியில் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுக்கிறானே, அதே அருள். பாதி அவன் கண்ணால் பார்த்தது. மீதி ராஜதுரை அவனிடம் வந்து சொன்னது. என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை.

ராஜதுரைக்கு மூன்று ஏக்கர் கரும்பு. பெண்சாதி சுபலட்சுமி. இரண்டு பெண்கள். பெரியவள் செந்தமிழ்ச்செல்வி, காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ரம்யா, நாலாம் வகுப்பு. போன தை மாதம் பெரியவள் தோழியைப் பார்க்க ஸ்கூட்டியில் மலைக்குப் போனாள். திரும்பி இறங்குகிற வழியில், ஒரு வளைவில், ஜல்லியில் சக்கரம் வழுக்கிவிட்டது. பத்தொன்பது வயது. வண்டியில் பெட்ரோல் முழுக்கக் கொட்டிப்போய், தூக்கி வந்தவர்கள் சட்டையெல்லாம் அந்த வாடை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு ராத்திரிதான் முதல் தடவை குரல் கேட்டது.

சுபலட்சுமி படுக்கையிலிருந்து துள்ளி எழுந்திருக்கிறாள். ராஜதுரை பாய்ந்து அவள் வாயைப் பொத்திவிட்டார். ஏன் பொத்தினார் என்று உங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ராத்திரியில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. செத்தது ஒரு தரம் கூப்பிடும். மிஞ்சிப் போனால் இரண்டு தரம். மூன்றாவது தரம் கூப்பிட அதற்குத் தொண்டை கிடையாது. மூன்று தரம் கூப்பிட்டால் அது மனுஷன், கதவைத் திறக்கலாம். அதற்கு முன்னால் பதில் கொடுத்தால், பதில் கொடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது.

பங்காளிகள் வந்து உட்கார்ந்து, ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அதுவே போய்விடும் என்றார்கள். சொல்வது சுலபம். தினம் ராத்திரி ஒன்றேகாலுக்குப் பெற்ற பெண் வாசலில் நின்று ‘யம்மா’ என்கிறாள். பெற்றவள் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாளாம். அதுவும் போதாமல் ராஜதுரை மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துவாராம். அந்தக் கையை அருள் பார்த்திருக்கிறான். கட்டைவிரலுக்குக் கீழே பல் பதிந்த தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக.

ஒரு நாள் அவள் புருஷனிடம் சொன்னாளாம். “ரெண்டு பொண்ணுல ஒண்ணு இருட்டுல நின்னுகினு இருந்தா, உள்ள இருக்கறதுக்கு நான் எப்பிடிங்க சோறு ஊட்றது?”

அன்றைக்கு ராத்திரியும் அவர் அவள் வாயைப் பொத்தினார். 

இப்படி ஐந்து மாதம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சுபலட்சுமி டவுன் பஸ் ஏறி, மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் அருள் கடைக்கு வந்தாள். பைக்குள் அவர்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையர். நான்கு வருஷத்துக்கு முன்னால் அருளே செய்து கொடுத்தது. பெரியவள்தான் கூட இருந்து, முன்பக்கத்துக்கு நீல லைட் வேண்டாம், சிவப்பு வை என்று சொல்லி வாங்கிப் போனாளாம்.

இதில் மைக் மாட்டி எக்கோ வைக்க முடியுமா என்று கேட்டாள். அருள், ஆடி வருகிறது, அம்மன் பாட்டுப் பாடத்தான் என்று நினைத்துக்கொண்டான். யாருக்கு என்று கேட்டதற்கு, பொண்ணுக்கு என்றாள். சின்னவள் பாடுவாள் போலிருக்கிறது, துக்க வீட்டில் இப்படியாவது ஒரு சத்தம் கேட்கட்டும் என்று அவனுக்குச் சந்தோஷம்கூட.

சாதாரண எக்கோ போர்டு ஒன்றை எடுத்து மாட்டினான். மைக்கில் “அலோ” என்றான். அலோ... அலோ... அலோ... அலோ என்று தேய்ந்துகொண்டே போய் அடங்கியது. ஹாலில் பாடுகிற மாதிரி இருக்கும் அக்கா என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். “இப்பிடி வாணாம் தம்பி. மூணு வாட்டி வரணும். நாம சொல்றதையும் சேத்து மூணு. நாலும் வாணாம், ரெண்டும் வாணாம்.”

குமிழைத் திருகி மூன்றில் நிறுத்திக் காட்டினான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தேய்ந்து வருகிறதாம். மூன்றும் ஒரே மாதிரி, ஒரே சத்தத்தில் வர வேண்டுமாம். எக்கோ என்றால் தேயத்தான் செய்யும் அக்கா, அதுதான் எக்கோ என்று சொல்லிப் பார்த்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தான், குடிக்கவில்லை. நீ செஞ்சி குடுத்தாத்தான் நான் வூட்டுக்குப் போவேன் தம்பி என்றாளாம். குரல் உயரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அவனுக்குத் தொழில் கர்வம் வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டு போர்டு போட்டான். ஒன்று சத்தத்தைப் பிடித்து ஒரு தரம் சொல்லும், இன்னொன்று கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொல்லும். இரண்டும் முழுச் சத்தத்தில். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பேசிப் பாருங்கள் என்று மைக்கைக் கொடுத்தான். அவள் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

யம்மா... யம்மா... யம்மா.

மூன்றும் ஒரே அச்சு. அவள் அழுதுவிட்டாள். பெரியவள் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அருள் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். குமிழை யாரும் திருகாதபடி பசை போட்டு ஒட்டச் சொன்னாள், ஒட்டினான். மைக் வயர் ரொம்ப நீளமாக வேண்டும், கூடத்திலிருந்து பின்கதவு வரைக்கும் எட்ட வேண்டும் என்றாள். பின்கதவுக்கு எதற்கு மைக் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்... கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அருள் தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் கணக்கை முதலில் போட்டவன் எவனோ, அவன் எக்கோ போர்டைக் கண்டானா? ஒன்றை மூன்றாக்க ஒரு பெட்டி வரும் என்று அவனுக்குத் தெரியுமா?

அன்றைக்கு ராத்திரி சுபலட்சுமி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ரம்யாவுக்கு அவளே ஊட்டிவிட்டாள், தலை வாரிப் பின்னிவிட்டாள். ஐந்து மாதமாகத் தூக்கமில்லாத மனுஷன் ராஜதுரை, சாப்பிட்டதும் கண் சொக்கிப் படுத்துவிட்டார்.

விழிப்பு வந்தபோது வீடு இருட்டு. கூடத்தில் சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம். ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். செட்டை அணைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தார். கட்டிலுக்கு அடியில் வீட்டு நாய் வந்து சுருண்டிருந்தது. அதன் உடம்பு நடுங்கி, கட்டில் கால் தரையில் டக்டக்கென்று தட்டியது. அப்புறம் அந்த வாடை... பெட்ரோல்.

வெளியில் குரல் கேட்டது.

“யம்மா...”

பழக்கத்தில் கையை நீட்டிப் பக்கத்தில் பொத்தினார். கைக்குள் தலையணைதான் இருந்தது.

கூடத்திலிருந்து ஸ்பீக்கர் சொன்னது. யம்மா.

எழுந்து ஓடினார். பின்கதவுத் தாழ்ப்பாளில் மைக்கைத் துணியால் கட்டித் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் அவள் நிற்கிறாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ.

யம்மா.

மூன்று.

சுபலட்சுமி திரும்பி அவரைப் பார்த்தாள். ஐந்து மாதமாக அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லையாம். “மூணு ஆயிடுச்சிங்க” என்றாள். “நீங்க சொன்ன கணக்குதான்.”

அவர் எட்டிப் பிடிப்பதற்குள் கதவுப் பக்கம் வாயை வைத்துச் சொல்லிவிட்டாள். “தோ வந்துட்டேன் கண்ணு.”

அதையும் மைக் பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஸ்பீக்கர் சொன்னது: தோ வந்துட்டேன் கண்ணு. ராஜதுரை என்ன செய்கிறோம் என்று தெரியாமல் திரும்பி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு வெளிச்சம் போய்விட்டது. இரைச்சல் நின்றுவிட்டது. இன்னும் ஒரு தரம் பாக்கி இருந்தது இல்லையா... அது வந்தது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. தூரத்தில், கரும்புக்கு உள்ளேயிருந்து.

“தோ வந்துட்டேன் கண்ணு.”

திரும்பிப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது. மைக் வயர் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இல்லை.

விடிகிற வரைக்கும் கரும்புக்குள் ஓடியிருக்கிறார். சோகை கிழித்து உடம்பெல்லாம் ரத்தக் கோடு. காலையில் மலைக்குப் பால் ஏற்றிப் போன வேன்காரர் தகவல் சொன்னார். பெண் விழுந்த அதே வளைவில், தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் சுபலட்சுமி செத்துப்போயிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டிலிருந்து அந்த இடம் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. ராத்திரியில் பஸ் கிடையாது. செருப்பில்லாமல் போயிருக்கிறாள். உள்ளங்காலில் தூசி இல்லை.

அருள் சாவுக்குப் போயிருந்தான். தாழ்ப்பாளில் இன்னும் தொங்கிய மைக்கைப் பார்த்ததும்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. அன்றைக்கே செட்டைத் தூக்கி வந்து, இரண்டு போர்டையும் பிடுங்கி, சுத்தியால் அடித்துத் தூளாக்கினான். அதற்கப்புறம் யார் வந்து எக்கோ கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்கிறான். அவனும் ராத்திரியில் தூங்குவதில்லை. நான்தான்டா ஒன்றை மூன்றாக்கினேன் என்று இளஞ்செழியனிடம் சொல்லிச் சொல்லி அழுகிறானாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வாரம் ராஜதுரை அருள் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். அருள் எழுந்து நின்றுவிட்டான், அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து. அவர் ஸ்டூலில், சுபலட்சுமி உட்கார்ந்த அதே ஸ்டூலில், உட்கார்ந்தார். 

“இப்ப ரெண்டு கேக்குது தம்பி” என்றார்.

அருளுக்கு முதலில் புரியவில்லை.

“மொதல்ல பெரியவ. ‘யப்பா’ன்றா, ஒரு வாட்டி. கொஞ்சம் பொறுத்து அவ. ‘இன்னாங்க’ன்றா. அவளும் ஒரு வாட்டிதான்.” உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். “ஆளுக்கு ஒண்ணு. ஆனா என் காதுக்கு ரெண்டு. ஒண்ண மூணாக்கினியே... இந்த ரெண்ட ஒண்ணாக்கறதுக்கு ஏதாச்சும் போர்டு இருக்குதா?”

 சத்தத்தைக் கூட்டத்தான் பெட்டி இருக்கிறது, இருக்கிற சத்தத்தை எடுத்துவிட ஒன்றும் இல்லை என்று அருள் சொன்னான். வீட்டைப் பூட்டிக்கொண்டு, சின்னவளை அழைத்துக்கொண்டு வேறு எங்காவது போய்விடுங்கள் அண்ணே என்று கெஞ்சினான். சங்கராபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தாராம். அங்கேயும் பின்கதவில் ஒன்றேகாலுக்கு இரண்டு குரல் கேட்டதாம்.

“ரெண்டு வரைக்கும் வாய மூடிக்கினு இருந்துடுவேன் தம்பி” என்றார். “ரெண்டுக்கு பயம் இல்ல.”

எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, படி இறங்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, இரண்டு எட்டு நடந்தார். அப்புறம் நின்றார். திரும்பாமலேயே சொன்னார்.

“சின்னவளுக்கு முந்தாநேத்துலேர்ந்து ஜொரம்.”